கறுப்பு நின்றது, வண்ணம் ஓடியது: வீட்டுப் பிரிண்டரில் துணி அச்சிட்டுத் தைத்த ஒரு போர்வை

பின்னணி

ஈரோடு மாவட்டத்தில் சென்னிமலையை ஒட்டிய ஓர் ஊரில், வீட்டுத் தையலில் நல்ல பழக்கமுள்ள ஒரு பெண் தன் அம்மாவுக்கு ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று தைத்துக் கொடுக்க நினைத்தார். குவில்ட் என்று இப்போது பலரும் சொல்வது அதைத்தான். இந்த ஆய்வு முழுக்க அவரைத் 'தைத்தவர்' என்றே குறிப்பிடுகிறேன். நான் நடத்தும் தையல் வகுப்பில் படித்தவர். வேலை நடந்த மாதங்களில் ஒவ்வொரு துண்டையும் வகுப்புக்குக் கொண்டுவந்து காட்டியதால் எல்லாக் கட்டத்தையும் பக்கத்திலிருந்து பார்க்க முடிந்தது. அவரும் அவர் அம்மாவும் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன்.

தைத்தவரின் அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, கைத்தறி நெசவாளர். கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெட்ஷீட் நெய்து கொடுத்தவர். அவர் போன பிறகு வீட்டில் மிஞ்சியவை ஒரு நோட்டும் சில போட்டோக்களும், பெட்டியில் மடித்து வைத்திருந்த பழைய பெட்ஷீட்டுகளும். நோட்டின் முன்பாதியில் நூல் வாங்கிய கணக்கும் கூலிக் கணக்கும். பின்பாதியில் கிராப் தாள் ஒட்டி, சிவப்பு பச்சைப் பென்சிலால் கட்டங்களை நிரப்பிய டிசைன்கள். ஓட்டை குத்திய அட்டைகளை வைத்து டிசைன் நெய்யும் ஜக்கார்டு தறிக்கு டிசைன் போடுகிறவர்களுக்கு ஒரு கட்டம் என்பது நீளவாக்கில் ஓடும் ஒரு பாவு இழையும் குறுக்கே ஓடும் ஒரு ஊடை இழையும் சந்திக்கும் இடம். நிரப்பிய கட்டத்தில் பாவு மேலே எழும். அதைப் பார்த்துத்தான் அட்டையில் ஓட்டை குத்துவார்கள். தறி தெரிந்தவர்கள் அந்தப் பக்கங்களைப் பார்த்தாலே நெய்து முடித்த பெட்ஷீட் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இந்தப் பக்கங்களையும் போட்டோக்களையும் துணியில் அச்சிட்டு, 12 கட்டங்களாகப் போர்வையில் சேர்ப்பதுதான் திட்டம். கணக்குப் பக்கம் 5, கிராப் பக்கம் 3, போட்டோ 4. போட்டோக்களில் மூன்று கறுப்பு வெள்ளை, ஒன்று மட்டும் கலர். வீட்டில் ஏற்கெனவே ஒரு பிரிண்டர் இருந்தது. குழந்தைகளின் பள்ளி வேலைக்காக வாங்கியது, பாட்டிலில் இங்க் ஊற்றிக்கொள்ளும் இங்க்ஜெட் வகை.

முதல் சுற்று

ஈரோட்டில் மீட்டர் கணக்கில் வாங்கிய வெள்ளைப் பாப்ளின். கடையிலிருந்து வந்தபோதே மொடமொடவென்று கஞ்சியோடு இருந்தது. விறைப்பாக இருந்தால் பிரிண்டருக்குள் சுலபமாகப் போகும் என்று அதைத் துவைக்காமலேயே ஏ4 அளவுக்கு வெட்டினார். துணியை மட்டும் கொடுத்தபோது உருளையில் சுருண்டு சிக்கியது. அப்புறம் ஏ4 தாளின் மேல் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டிக் கொடுத்தார். சரியாக வந்தது.

கணக்குப் பக்கம் இரண்டு, கறுப்பு வெள்ளைப் போட்டோ ஒன்று, கிராப் பக்கம் ஒன்று என நான்கு துண்டுகள். அச்சு நன்றாகவே விழுந்திருந்தது. வகுப்பில் எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்தோம். அவர் நான்கையும் அப்பிச்சி நெய்த பெட்ஷீட்டில் வெட்டிய பட்டைகளோடு இணைத்துத் தைத்தும் விட்டார்.

தையல் மடிப்பை அமுக்குவதற்காக அவர் அம்மா இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். நம் வீடுகளில் பருத்தித் துணியைத் தேய்ப்பதென்றால் முதலில் கையால் தண்ணீர் தெளிப்போம். அவரும் தெளித்தார். துளி விழுந்த இடமெல்லாம் நிறம் கசிந்தது. "ஏங்கண்ணு, தண்ணி தெளிக்காம காட்டன் துணிய எப்படித் தேய்க்கிறது?" என்று அவர் கலங்கிப்போய்க் கேட்டாராம்.

வீட்டில் இருந்தவர்கள் தெளித்த தண்ணீரைத்தான் குற்றம் சொன்னார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. நாலு துளித் தண்ணீருக்கே ஓடும் அச்சு முதல் துவைப்பில் மொத்தமாகப் போயிருக்கும். எட்டுத் துண்டு பாக்கி இருக்கும்போதே தெரிந்தது நல்லதாகப் போயிற்று. அந்த அம்மாவின் மனசிலிருந்து அந்தக் குற்ற உணர்ச்சி முதலில் போகவேண்டும் என்று நினைத்தேன். தைத்தவரிடமும் அதையே சொன்னேன்.

கவனித்தவை

நான்கு துண்டுகளையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது எல்லாம் ஒரே மாதிரி கெட்டுப்போகவில்லை என்பது தெரிந்தது. இந்த வேலையின் போக்கையே மாற்றியது அந்த வித்தியாசம்தான்.

கணக்குப் பக்கங்களில் எழுத்து அப்படியே நின்றிருந்தது. துளி விழுந்து காய்ந்த வளையம்கூடத் தெரியவில்லை. கிராப் பக்கத்தில் சிவப்பு, ரோஸ் நிறமாகக் கட்டத்தைத் தாண்டிப் பரவியிருந்தது. பச்சை இரண்டாகப் பிரிந்து, நடுவில் மஞ்சளும் ஓரத்தில் நீலமுமாக நின்றது. கறுப்பு வெள்ளைப் போட்டோவில்தான் ஆச்சரியம். கறுப்பாக இருக்கவேண்டிய நிழல் பகுதி ஊதாவும் பழுப்புமாகக் கசிந்திருந்தது. ஒரே பிரிண்டர், ஒரே துணி, ஒரே நாளில் அச்சிட்டவை. பிறகு ஏன் ஒரு கறுப்பு நின்றது, இன்னொரு கறுப்பு ஓடியது?

இங்க்ஜெட்டில் இரண்டு வகை இங்க் உண்டு. ஒன்று சாய இங்க்: நிறம் தண்ணீரில் முழுதாகக் கரைந்திருக்கும். மற்றது பிக்மென்ட் இங்க்: கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் தண்ணீரில் மிதக்கும், கரையாது. வீட்டுக்கு வாங்கும் பிரிண்டர்கள் பலவற்றில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், மற்ற மூன்று நிறமும் சாயம். எல்லா மாடலும் அப்படி இல்லை, நான்குமே சாயமாக உள்ளவையும் உண்டு. பாட்டில் லேபிளிலோ பிரிண்டரின் கையேட்டிலோ பார்த்தால் தெரியும். இவருடையதில் கறுப்பு மட்டும் பிக்மென்ட்.

கணக்குப் பக்கங்களைச் 'சாதாரணத் தாள்' என்ற அமைப்பில் அச்சிட்டிருந்தார். அதில் எழுத்துக்குக் கறுப்பு பாட்டிலிலிருந்தே இங்க் வரும். போட்டோவை மட்டும் அழகாக வரட்டும் என்று 'போட்டோ பேப்பர்' அமைப்பில் போட்டிருந்தார். அந்த அமைப்பில் இப்படிப்பட்ட பிரிண்டர் பிக்மென்ட் கறுப்பைத் தொடாது. நீலம், ரோஸ், மஞ்சள் மூன்றையும் கலந்தே கறுப்பை உண்டாக்கும். மூன்றும் சாயம். ஆகவே அந்தக் 'கறுப்பு' முழுக்க ஓடக்கூடிய கறுப்பு.

துணியையும் சோதித்தோம். ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்தினால், பருத்தியாக இருந்தால் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கெட்டியான மணியாக உருளும். இது உதிர்ந்தது, சுத்தப் பருத்திதான். ஆனால் துவைக்காத துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உள்ளே இறங்காமல் முத்தாக நின்றது. கஞ்சியும் மேல்பூச்சும் இழையை மூடியிருந்தன. அச்சிட்ட இங்க் நூலுக்குள் போகவே இல்லை, பூச்சின் மேலே உட்கார்ந்திருந்தது. பூச்சு நனைந்ததும் அதுவும் சேர்ந்து கிளம்பிவிட்டது.

யோசித்த வழிகள்

அடுத்து என்ன செய்வது என்று ஆளுக்கொரு வழி சொன்னார்கள். எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தோம்.

முதலில் வந்தது உப்பு. புதுத் துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் போகாது என்பது எல்லா வீட்டிலும் சொல்வதுதான். தைத்தவரின் தாய்மாமன் பெருந்துறையில் ஒரு சாயப்பட்டறையில் பல வருஷமாக வேலை பார்ப்பவர். அவரிடம் கேட்டபோது ஒரே வரியில் சொன்னார்: "உப்பு சாயத்தை நூலுக்குள்ள தள்ளும் கண்ணு, புடிச்சு வெக்காது." பட்டறையில் பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்துக்கு உப்பு தள்ளிவிடும் வேலையைச் செய்கிறது. பிடித்து வைப்பது அதற்குப் பின் போடும் சோடா. பிரிண்டர் இங்க்கில் உள்ளது அந்த ரியாக்டிவ் சாயம் இல்லை என்பதால் சோடா போட்டாலும் பிடிக்காது. வினிகரும் அப்படித்தான். கம்பளி, பட்டு போன்றவற்றில் அமிலச் சாயத்துக்கு அது உதவும், பருத்திக்கு உதவாது.

இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் டிரான்ஸ்ஃபர் தாள் அடுத்தது. படத்தை இடவலம் மாற்றி அச்சிட்டு, சூட்டில் துணிக்கு ஏற்றுவது. நிறம் ஓடாது. ஆனால் துணியின் மேல் பிளாஸ்டிக் தோல் மாதிரி ஒரு படலம் நிற்கும், அதன்மேல் நேராகத் தேய்க்க முடியாது, ஊசி குத்திய ஓட்டை அப்படியே தெரியும். உடம்பில் போர்த்துகிற பொருளுக்கு அது சரிப்படாது.

மக், சாவிக்கொத்து எல்லாம் போட்டோ போட்டுத் தரும் கடைகளில் செய்யும் சப்ளிமேஷன் பாலியெஸ்டருக்கானது. 180 முதல் 200 டிகிரி சூட்டில் சாயம் ஆவியாகி இழைக்குள் போகிற முறை அது. பருத்தியில் பிடிப்பதில்லை. பருத்திமேல் போட்டுத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் நடுவில் ஒரு பூச்சு இருக்கிறது என்று அர்த்தம்.

ஜெராக்ஸ் கடையில் லேசர் பிரிண்டரில் கேட்டபோது கடைக்காரர் துணியைப் பார்த்ததுமே மறுத்துவிட்டார். அவர் மறுத்தது நியாயம்தான். டோனரை உருக்கி ஒட்டும் சூட்டில் துணியைத் தாளோடு பிடித்திருக்கும் பசை இளகி உருளையில் ஒட்டினால் அவருடைய மெஷின் கெட்டுப்போகும்.

கலர் பாட்டில்களிலும் பிக்மென்ட் இங்க் ஊற்றிவிடலாமே என்று ஒருவர் கேட்டார். இங்க் வரும் துளைகள் அடைபடலாம், பிரிண்டரின் வாரன்டியும் போய்விடும். குழந்தைகள் தினமும் பயன்படுத்தும் ஒரே பிரிண்டரில் அந்தச் சோதனை வேண்டாம் என்று விட்டோம்.

மிச்சம் இருந்தவை இரண்டு. ஒன்று, திருப்பூரில் டிஜிட்டல் பிரிண்டிங் செய்யுமிடத்தில் கொடுத்து வாங்குவது. மற்றது, தாய்மாமன் சொன்ன டை ஃபிக்ஸர். இந்த ஃபிக்ஸரின் வேலையைப் புரிந்துகொள்வது முக்கியம். சாய இங்க்கின் மூலக்கூறு தண்ணீரில் எதிர்மின்னோடு இருக்கும். பருத்தியும் தண்ணீரில் லேசாக எதிர்மின் கொண்டது. அதனால் இரண்டும் ஒட்டுவதற்குப் பதிலாக விலகுகின்றன. ஃபிக்ஸர் நேர்மின் கொண்டது. துணியில் முதலிலேயே அதை ஏற்றி வைத்தால், மேலே விழும் சாயத்தைப் பிடித்துத் தண்ணீரில் கரையாத பொருளாக மாற்றிவிடும். வெளிநாடுகளில் குவில்ட் தைப்பவர்கள் துணிக்கு முன்கூட்டிப் போடுவதற்கென்று விற்கும் திரவங்களுக்குப் பின்னாலும் இதே கருத்துதான். நம் பக்கம் சாயப்பட்டறைகளுக்குக் கெமிக்கல் விற்கும் கடைகளில் ஃபிக்ஸர் சாதாரணமாகக் கிடைக்கிற சரக்கு.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

வண்ணத்தை எப்படி நிறுத்துவது என்றே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். தைத்தவர்தான் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: 12 துண்டில் உண்மையிலேயே வண்ணம் தேவைப்படுவது எத்தனை? கணக்குப் பக்கம் ஐந்தும் கறுப்பு மையில் எழுதியவை. போட்டோ மூன்று கறுப்பு வெள்ளை. எட்டுத் துண்டுக்கு ஏற்கெனவே நிற்கும் கறுப்பு போதும். கலர் போட்டோவையும் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் ஒன்பது. போர்வைக்கு வேண்டிய சிவப்பும் பச்சையும் நீலமும் அப்பிச்சி தறியில் நெய்த பெட்ஷீட் பட்டைகளிலேயே இருக்கின்றன. நெய்த நூலின் நிறத்துக்குப் பக்கத்தில் பிரிண்டர் நிறம் எப்படியும் மங்கலாகத்தான் தெரியும்.

இந்த முடிவை நான் முழு மனதோடு ஏற்றேன். கிராப் பக்கம் மூன்றும் வண்ணம் இல்லாமல் அர்த்தப்படாது, சிவப்பும் பச்சையும் வேறு வேறு நூலைக் குறிப்பவை. அந்த மூன்றுக்கு மட்டும் ஃபிக்ஸர் என்று தீர்மானித்தோம். மூன்று துண்டுக்காகத் திருப்பூருக்குக் கொடுப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்.

வேலை நடந்த விதம்

துணி: கடைப் பாப்ளினைக் காய்ச்சிக் கஞ்சி எடுப்பதைவிட, சாயம் போடுவதற்கென்றே கஞ்சி நீக்கி வெளுத்து வைத்திருக்கும் துணியை வாங்குவது மேல் என்றார் தாய்மாமன். ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் ஆர்.எஃப்.டி துணி என்று கேட்டால் கொடுப்பார்கள். வெறும் காடாத்துணி மலிவுதான். ஆனால் அதில் பாவுக்குப் போட்ட கஞ்சியும் பருத்தியின் இயற்கை மெழுகும் அப்படியே இருக்கும், சோடா போட்டுக் காய்ச்சினாலும் கஞ்சி முழுசாகப் போகாது. பட்டறையில் அதற்கென்று என்சைம் போடுகிறார்கள். ஆர்.எஃப்.டி துணியில் ஒரு சொட்டு விட்டதும் கண் இமைக்கிற நேரத்தில் உறிஞ்சிக்கொண்டது. நெசவு நெருக்கமாக இருக்கவேண்டும் என்பதையும் பார்த்து வாங்கினார். பெட்ஷீட் போன்ற தடித்த நூல் துணியில் சிறு கையெழுத்து உடைந்துவிடும். வாங்கியதைச் சுருங்குவதற்காக ஒருமுறை நனைத்துக் காயவைத்தார்.

பின்தாள்: டேப் ஒட்டுவதை விட்டுவிட்டு, ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் முழு ஏ4 ஸ்டிக்கர் தாளைப் பயன்படுத்தினார். தாளைவிடச் சற்றுப் பெரிதாகத் துணியை வெட்டி, சுருக்கமில்லாமல் தேய்த்து, ஸ்டிக்கரின் பசைப் பக்கத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி ஒட்டினார். அப்புறம் தாளோடு சேர்த்து ஓரத்தை வெட்டினார். இந்த வரிசை முக்கியம். ஓரத்தில் ஓர் இழை தொங்கினாலும் அது பிரிண்டர் தலையில் சிக்கி மையை இழுத்துக் கோடு போடும். மேலே ஒட்டிய பஞ்சுத் தூசியை டேப்பால் ஒற்றி எடுத்தார். ஒரே ஸ்டிக்கர் தாளைச் சில முறை திரும்பப் பயன்படுத்த முடிந்தது. பசை தளர்ந்ததும் மாற்றிவிட்டார்.

செலுத்துவது: பின்பக்கத் தட்டு வழியாக ஒவ்வொன்றாக. முன்தட்டில் வைத்தால் தாள் உள்ளே வளைந்து திரும்பும், அங்கேதான் துணி பிரிந்து சிக்குகிறது.

அச்சு: கணக்குப் பக்கங்களையும் போட்டோக்களையும் 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து, கறுப்பு வெள்ளை, சாதாரணத் தாள் என்ற அமைப்பில் அச்சிட்டார். திரையில் தெரிவதைவிடக் கொஞ்சம் கூடுதல் அழுத்தமாக வைத்தார், துணி மையை உறிஞ்சி மங்கலாக்கும் என்பதால். நான்கு பக்கமும் தையலுக்குக் கால் இன்ச் போக இன்னும் ஒரு கால் இன்ச் விட்டார். சரியான அமைப்புத்தானா என்பதற்கு முதல் போட்டோவின் ஓரத் துண்டை வெட்டிச் சோப்புத் தண்ணீரில் போட்டுப் பார்த்தோம். தண்ணீரில் ரோஸோ நீலமோ வந்திருந்தால் கலர் பாட்டில் கலந்திருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

அச்சானதும் ஸ்டிக்கரை உரித்துவிட்டுத்தான் சூடு காட்டவேண்டும். பசையோடு தேய்த்தால் பசை துணிக்குள் இறங்கிவிடும். ஒரு நாள் காயவிட்டு, ஆவி இல்லாமல், காட்டன் சூட்டில், மேலே வெறும் தாள் வைத்து அமுக்கித் தேய்த்தார்.

ஃபிக்ஸர்: கிராப் துண்டுகளுக்கு மட்டும். ஃபார்மால்டிஹைடு இல்லாத வகையாகக் கேட்டு வாங்கச் சொல்லியிருந்தார் தாய்மாமன். உடம்பில் படும் துணிக்கு இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. கையுறை போட்டுக்கொண்டு, மூன்று அளவுகளில் கலந்து மூன்று மாதிரித் துண்டுகளை ஊறவைத்தார். லேசாகக் கலந்ததில் ரோஸ் நிறம் இன்னும் கசிந்தது. நடு அளவில் நின்றது. அதிகமாகக் கலந்ததில் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை, துணி மட்டும் விறைத்தது. நடு அளவையே எடுத்துக்கொண்டார். ஊறியதைப் பிழியாமல் நிழலில் காயவைத்து, தேய்த்து, அச்சிட்டு, ஒரு நாள் விட்டு அலசினார். இடையில் சோப்பு படக்கூடாது. சலவைத்தூள் எதிர்மின் வகை, ஃபிக்ஸரோடு சேர்ந்து அதன் வேலையைக் கெடுத்துவிடும். முதல் அலசலுக்கு அகலமான பாத்திரத்தில் நிறையக் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, துண்டை அசைத்துக்கொண்டே இருந்தார். கொஞ்சத் தண்ணீரில் போட்டு வைத்தால் ஒட்டாமல் வெளியே வந்த சாயம் வெள்ளைப் பகுதியில் போய் உட்கார்ந்துவிடும்.

மிஞ்சிய ஃபிக்ஸர் தண்ணீரை எங்கே ஊற்றுவது என்ற கேள்வியையும் அவரே கேட்டார். அந்த ஊர்க்காரர் அதைக் கேட்காமல் இருக்க முடியாது. நொய்யல் ஆற்றில் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப்போனதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் அந்தக் கழிவுக்காகத்தான். ஒரு வாளி என்பது சின்ன அளவுதான். இருந்தாலும் வேண்டிய அளவே கலந்து, துணிகளைத் திரும்பத் திரும்ப அதிலேயே நனைத்துத் தீர்த்தார். அடியில் மிஞ்சியதைத் தாய்மாமன் சுத்திகரிப்பு நிலையம் உள்ள தன் பட்டறைக்கு எடுத்துப் போனார்.

தையல்

இதில் சொல்ல அதிகமில்லை. நெருக்கமான நெசவு என்பதால் 11-ஆம் நம்பர் ஊசி. நடு அடுக்குக்கு முதலில் பாலியெஸ்டர் பஞ்சு விரிப்பு வாங்க நினைத்தார், நம் வெயிலுக்கு அது புழுங்கும். இலவம்பஞ்சு ஓர் இடத்தில் நிற்காமல் ஓடிக் கட்டியாகிவிடும். கடைசியில் நடுவே கிழிந்த ஒரு பழைய பெட்ஷீட்டையே உள்ளே வைத்தார். மூன்று அடுக்கையும் கையால் ஓட்டுத் தையல் போட்டு இணைத்தார். அச்சு விழுந்த இடத்தின் மேல் தையல் போகாமல் கட்டங்களைச் சுற்றி மட்டும் ஓட்டினார்.

பின்னால் நடந்தது

போர்வை அம்மாவிடம் போயிற்று. தினமும் கட்டிலில் விரித்தார். அவர் அதைத் தொட்டுத் தொட்டு நூல் விலை சொல்வதைக் கேட்கவே வகுப்பிலிருந்து சிலர் போய்வந்தார்கள்.

முதல் இரண்டு துவைப்பில் ஒன்றும் ஆகவில்லை. தைத்தவரே குளிர்ந்த தண்ணீரில் பூந்திக்கொட்டைக் கரைசலில் முக்கி அலசியிருந்தார். அடுத்த முறை அவர் ஊரில் இல்லை. வேலைக்கு உதவியாக வருபவர் எல்லாத் துணியோடும் சேர்த்துத் துவைக்கிற கல்லில் போட்டு, கட்டிச் சோப்பு தேய்த்து, பிரஷ் போட்டுத் துவைத்துவிட்டார். பிக்மென்ட் தண்ணீருக்கு அசையாது, ஆனால் உரசலுக்குத் தேயும். துகள்கள் இழையின் மேல்தான் நிற்கின்றன, உள்ளே ஊறிப் போவதில்லை. கல்லில் பட்ட மடிப்பு ஓரங்களில் எழுத்து வெளிறி வெள்ளைக்கோடு விழுந்தது. இரண்டு போட்டோக்களில் முகம் சரியாக மடிப்பில் வந்திருந்ததால் சேதம் அங்கே கண்ணில் பட்டது. மற்ற கட்டங்கள் கொஞ்சம் மங்கின, அவ்வளவுதான்.

கிராப் துண்டுகள் வேறு விதமாகப் போயின. கல்லில் அடித்தும் அவற்றில் நிறம் ஓடவில்லை. ஃபிக்ஸர் தன் வேலையைச் செய்துவிட்டது. ஆனால் கட்டில் ஜன்னலோரம் கிடந்தது. மேற்கு வெயில் பட்ட பக்கத்திலிருந்த ஒரு கிராப் கட்டத்தில் சிவப்பு, மற்ற இரண்டைவிட நன்றாகவே வெளிறிவிட்டது. சாய இங்க் வெளிச்சத்தில் மங்கும், ஃபிக்ஸரால் அதற்கு எதுவும் செய்ய முடியாது. அதே வெயிலில் கிடந்த கணக்குப் பக்கங்களின் கறுப்பில் மாற்றம் தெரியவில்லை.

தேய்ந்த இரண்டு போட்டோக்களையும் மாற்ற முடிந்தது. ஸ்கேன் கோப்பு இருந்தது, அதே துணியில் மிச்சம் இருந்தது. புதுத் துண்டை அச்சிட்டு ஓரம் மடித்து, பழையதன் மேலேயே கையால் தைத்துவிட்டார்.

அடுத்த முறை மாற்றவேண்டியவை

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யவேண்டியது ஓரத் துண்டு சோதனை. எந்தத் துணி, எந்த பிரிண்டர், எந்த அமைப்பு என்றாலும், நான்கு நிறமும் அச்சான ஒரு விரல்கடை அகலத் துண்டைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்க்காமல் ஒரு தையல்கூடப் போடக்கூடாது. இப்போது எங்கள் வகுப்பில் இதைக் கட்டாயமாக்கிவிட்டோம். கூடவே, பாட்டில் லேபிளில் எது பிக்மென்ட், எது சாயம் என்று படித்து நோட்டில் எழுதி வைத்துக்கொண்டுதான் மாணவிகள் துணி வெட்டுகிறார்கள்.

போர்வை எப்படிப் புழங்கப்போகிறது என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளவேண்டும். தினமும் விரிக்கிற போர்வை என்று தெரிந்திருந்தால், நான்காக மடிக்கும்போது மடிப்பு விழும் கோட்டில் முகங்கள் வராமல் கட்டங்களை அடுக்கியிருக்கலாம். அங்கே பெட்ஷீட் பட்டை வந்திருந்தால் எந்தச் சேதமும் இல்லை.

துவைக்கும் முறையைத் துணியிலேயே சேர்த்துவிடவேண்டும். வாய்ச்சொல் வேலைக்கு வருபவர்வரை போய்ச் சேராது. பின்பக்க மூலையில் தமிழில் 'கல்லில் அடிக்கவேண்டாம், பிரஷ் வேண்டாம், நிழலில் உலர்த்தவும்' என்று அதே கறுப்பு இங்க்கில் அச்சிட்ட சிறு துண்டைத் தைத்தால் போதும். இந்தப் போர்வையிலும் இப்போது அது இருக்கிறது.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உபரி அச்சை அப்போதே எடுத்து வைப்பது நல்லது. பிரிண்டர் மாறினால் கறுப்பின் சாயலும் மாறும். துணியும் அதே லாட்டில் திரும்பக் கிடைக்காது.

ஃபிக்ஸரைப் பற்றி என் கருத்து: சுவரில் மாட்டுவதற்கும், எப்போதாவது எடுக்கிற சிறு பைக்கும் அது போதும். வெயிலில் கிடக்கும் பொருளுக்கு வண்ணம் வேண்டுமென்றால் வீட்டு பிரிண்டரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. திருப்பூரும் ஈரோடும் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது பருத்திக்கு பிக்மென்ட் டிஜிட்டல் பிரிண்டிங் செய்பவரிடம் கொடுப்பதே சரி. கறுப்புக்கு மட்டும் வீட்டு பிரிண்டர் தாராளமாகப் போதும்.

தைத்தவரின் சித்தி தனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அதற்குக் கணக்குப் பக்கங்களும் போட்டோக்களும் வீட்டில் அச்சாகிவிட்டன. கிராப் பக்கம் மூன்றுக்கும் திருப்பூரில் கொடுத்து மாதிரித் துண்டு வாங்கியிருக்கிறார். அதில் பாதியை வெட்டிச் சித்தி வீட்டு மேற்கு ஜன்னலில் ஒட்டியாயிற்று. மறுபாதி ஒவ்வொரு வாரமும் துவைப்பில் போகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் மீதி ஆர்டர்.